லேப்டாப் பேட்டரி: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் லேப்டாப், கைப்பேசி பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. எல்பில், டோவன்பி, ஹீவுட் தோட்டங்களின் பக்கமிருந்து வருகிறவர்களும், தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறியவர்களும் பேட்டரியைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க வேண்டுமே என்று கடன் வாங்கியாவது ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த லேப்டாப்புகளின் பேட்டரிகள் வயதாகி, ஒவ்வொன்றாக என் மேசைக்கு வருகின்றன.

வருகிறவர்களில் சிலருக்குப் புதுப் பேட்டரியே தேவைப்படுவதில்லை. வேறு சிலரோ உடனே மாற்ற வேண்டியதை மாதக்கணக்கில் வீட்டில் வைத்துப் புழங்குகிறார்கள். இரு தரப்புக்கும் பயன்படட்டும் என்று, அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, காலிபிரேஷன் பண்ணா பழைய பேட்டரி புதுசு மாதிரி ஆயிருமா?

ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு நம்பிக்கையால்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலிபிரேஷன் என்பது பேட்டரியை ஒரு முறை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கிக் கணக்கைத் திருத்துவது. அது சரிசெய்வது திரையில் தெரியும் சதவீதத்தை மட்டும். பேட்டரிக்குள் தேய்ந்துபோனது தேய்ந்ததுதான்.

தோட்டத்து ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். கிராணி (கணக்கு எழுதுகிறவர்) ஒவ்வொரு நாளும் உள்ளே வந்த உர மூட்டையையும் வெளியே போனதையும் புத்தகத்தில் எழுதுகிறார். ஸ்டோருக்குள் போய்த் தினமும் எண்ணுவதில்லை. ஒன்றிரண்டு மூட்டை எழுத விட்டுப்போனால், சில மாதங்களில் புத்தகம் ஒன்று சொல்லும், ஸ்டோரில் இருப்பது வேறாக இருக்கும். லேப்டாப் பேட்டரிக்குள் ஒரு சின்னச் சிப் அந்தக் கிராணியின் வேலையைச் செய்கிறது. எவ்வளவு மின்சாரம் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று கணக்கு வைத்துத்தான் 62 சதவீதம், 35 சதவீதம் என்று சொல்கிறது.

இடையில் உண்மையைச் சரிபார்க்க அதற்கு நல்ல வழி கிடையாது. லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ் நடுப்பகுதியில் அதிகம் ஏறாமல் இறங்காமல் இருக்கும். அதை வைத்து 40-ஆ 55-ஆ என்று பிரித்துச் சொல்வது கடினம். நிறைந்த நிலையிலும் வற்றும் நிலையிலும்தான் வோல்டேஜ் தெளிவாக மாறும். அதனால்தான் காலிபிரேஷனில் பேட்டரியை ஒரு முறை முழுக்க நிரப்பி, ஒரு முறை முழுக்க இறக்குகிறோம். ஸ்டோரைத் திறந்து மூட்டையை எண்ணிப் புத்தகத்தைத் திருத்துவது போல.

அப்படின்னா எத்தன மாசத்துக்கு ஒரு தடவ பண்ணணும்?

ஐந்தாறு வருடத்துக்கு மேற்பட்ட லேப்டாப் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். புது லேப்டாப்புகளில் சதவீதம் குளறுபடி செய்தால் மட்டும் செய்யுங்கள். எப்படிக் குளறுபடி தெரியும் என்றால், 50-இல் இருந்து சட்டென்று 20-க்கு விழும்; இல்லையென்றால் 1 சதவீதத்திலேயே அரை மணி நேரம் ஓடும்.

வாராவாரம் செய்கிற ஒரு தம்பியை எனக்குத் தெரியும். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். ஒவ்வொரு முறை முழுக்க இறக்கி ஏற்றும்போதும் பேட்டரியின் ஆயுளில் ஒரு சுற்று கழிகிறது.

சரி, எப்படிப் பண்றதுன்னு முழுசா சொல்லுங்களேன்.

முதலில் சார்ஜைப் பாதியில் நிறுத்தும் அமைப்பு ஏதும் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்). 100 வரும் வரை சார்ஜ் போடுங்கள். 100 வந்ததும் உடனே பிடுங்காமல், சார்ஜரிலேயே இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். சூடு தணிந்து, உள்ளே வோல்டேஜ் அடங்க வேண்டும். பிறகு விண்டோஸ் பவர் அமைப்பில் போய், பேட்டரியில் ஓடும்போது திரை அணைவதையும் ஸ்லீப் போவதையும் 'நெவர்' என்று வையுங்கள். 'கிரிட்டிக்கல் பேட்டரி' என்ற இடத்தில் 'ஹைபர்நேட்' (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு அணைவது) இருக்கட்டும். அப்போதுதான் திறந்து வைத்த கோப்பு எதுவும் போகாது.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைச் சாதாரணமாக ஓட விடுங்கள். பாட்டுப் போடலாம், பாடம் எழுதலாம். கேம் போட்டு வேகமாக இறக்க வேண்டாம். கனமான வேலையில் வோல்டேஜ் தாழ்ந்து, காலியாகும் முன்பே காலி என்று சிப் நினைத்துக்கொள்ளும். 5 சதவீதம் அருகே லேப்டாப் தானாக ஹைபர்நேட்டுக்குப் போகும். பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும். திரும்பத் திரும்ப பட்டனை அமுக்கிக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சாதீர்கள். அப்படியே மூன்று நான்கு மணி நேரம் ஓய்வாக விட்டு, பிறகு இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். காலையில் தொடங்கினால் இரவு படுக்கும் முன் முடிந்துவிடும். மாற்றிய அமைப்புகளைப் பழையபடி வைக்க மறக்காதீர்கள்.

லெனோவோவின் சில மாடல்களில் 'வான்டேஜ்' என்ற மென்பொருளுக்குள் 'பேட்டரி காஜ் ரீசெட்' இருக்கும். அதை அழுத்தினால் இந்த வேலையை அதுவே செய்துகொள்ளும். பேட்டரியைக் கழற்ற முடியாத ஆப்பிள் மெக்புக்குகளுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

புது லேப்டாப் வாங்குனா மொத நாளு எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும்னு கடைல சொன்னாங்க, உண்மையா?

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பேச்சு அது. லித்தியம் பேட்டரி நிறைந்ததும் சார்ஜ் தானாக நின்றுவிடும். வாங்கிய அன்றே சாதாரணமாகப் பயன்படுத்தலாம்.

தம்பி, என் மக சார்ஜ முழுசா தீத்துட்டுத்தான் மறுபடி போடுறா. அதான் நல்லதாமே?

இல்லை அக்கா. இதுவும் அதே நிக்கல் காட்மியத்தின் மிச்சம். அந்தப் பேட்டரிகளைப் பாதியில் சார்ஜ் போட்டால் பாதியையே பழகிக்கொள்ளும் என்று சொல்வார்கள். சோனி நிறுவனம் லித்தியம் அயன் பேட்டரியை 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கையில் இருக்கும் லேப்டாப்புகளெல்லாம் அந்த வகைதான். அதற்கு அந்தக் குணம் கிடையாது.

லித்தியம் பேட்டரிக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது நல்லது. 20-க்குக் கீழே விடாமல், 80, 85-இல் பிடுங்கினால் ஆயுள் நீளும். சுற்றுக் கணக்கிலும் நஷ்டமில்லை: இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. மகளிடம் சொல்லுங்கள், பள்ளியிலிருந்து வந்ததும் எவ்வளவு இருந்தாலும் போடலாம்.

நைட்டு பூரா சார்ஜ்ல கெடந்தா வெடிச்சிருமா?

நல்ல சார்ஜரும் நல்ல பேட்டரியும் இருந்தால் வெடிக்காது. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல் 4.2 வோல்ட் அருகே போனதும் உள்ளிருக்கும் பாதுகாப்பு மின்சுற்று சார்ஜை நிறுத்திவிடும். அதற்குமேல் தண்ணீர் நிரம்பி வழிவது போல வழியாது.

ஆனால் நிறைந்தபடியே நாள்கணக்கில் இருப்பது பேட்டரியை மெதுவாகக் கிழடாக்கும். கடையில், அலுவலகத்தில் எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்புகளின் பேட்டரி இரண்டே வருடத்தில் ஒன்றுக்கும் உதவாமல் வருவதை நிறையப் பார்க்கிறேன். இதற்குத்தான் சார்ஜைப் பாதியில் நிறுத்தும் அமைப்பு வந்தது. லெனோவோவில் 'கன்சர்வேஷன் மோட்', ஆசுஸில் 'மைஆசுஸ்' மென்பொருளுக்குள் 60 அல்லது 80 சதவீதம், ஏசரில் 80, ஹெச்பியில் பயாஸுக்குள் (விண்டோஸ் எழும்பும் முன் திறக்கும் அடிப்படை அமைப்பு) 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்', டெல்லில் 'பிரைமரிலி ஏசி யூஸ்'. பெயர்தான் வேறு. வீட்டிலேயே சார்ஜரோடு வைத்துப் புழங்குகிறவர்கள் இன்றைக்கே இதைப் போட்டுவிடுங்கள். காசு செலவில்லாமல் பேட்டரிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது.

எங்க வீட்டுல 60-க்கு மேல சார்ஜே ஏற மாட்டுது. பேட்டரி போச்சா?

மேலே சொன்ன அமைப்பு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாம் கை லேப்டாப் வாங்கியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. முன்பு வைத்திருந்தவர் போட்டுவிட்டிருப்பார். அணைத்ததும் 100 வரை ஏறினால் பேட்டரிக்கு ஒன்றுமில்லை. இதற்காகக் கடைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மத்தியானத்துல ரொம்ப சூடாவுது. சூடு பேட்டரிய பாதிக்குமா?

பாதிக்கும். இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒரு பேட்டரியை 40 சதவீதச் சார்ஜில், 25 பாகை செல்சியஸில் ஒரு வருடம் சும்மா வைத்தால் கிட்டத்தட்ட 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே பேட்டரியை முழுச் சார்ஜில், 40 பாகையில் வைத்தால் ஏறக்குறைய 65 சதவீதம்தான் மிஞ்சும். கை வைக்காமலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் வருகிற கேடு இது.

நம் ஊரில் நிழலிலேயே 32, 33 பாகை. தகரக் கூரை போட்ட பழைய லைன் வீடுகளில் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே உட்கார முடியாது. அந்த நேரத்தில் மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து, சார்ஜும் போட்டு, வீடியோ பார்த்தால் காற்றுப் போகும் துளையெல்லாம் அடைபட்டு பேட்டரி 45 பாகைக்குப் பக்கத்தில் போய்விடும். பல லேப்டாப்புகள் அந்தச் சூட்டில் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திக்கொள்ளும். 'சார்ஜர் கெட்டுப்போச்சு' என்று கொண்டுவருவார்கள். என் கடையில் ஆறியதும் நன்றாக ஏறும்.

மேசை மேல் வையுங்கள். மேசை இல்லாவிட்டால் ஒரு பலகை, ஒரு தட்டையான தட்டு போதும். அடிப்பக்கம் இரண்டு மூலையில் பாட்டில் மூடி வைத்துத் தூக்கிவிட்டால் காற்றுப் போகும். வருடத்துக்கு ஒரு முறை காற்றாடியில் அடைந்த தூசியை எடுக்க வேண்டும். செம்மண் ரோட்டோரம் வீடு என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், உள்ளே 50, 60 பாகை வரும்.

அப்போ பேட்டரிய பிளாஸ்டிக்ல சுத்தி ஐஸ் பெட்டில வெச்சா?

வேண்டாம். வெளியே எடுக்கும்போது உள்ளேயும் வெளியேயும் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் வரும் கேடுதான் அதிகம்.

இடி இடிக்கும்போது சார்ஜ்ல இருந்தா என்னாவும்?

சாயங்கால மழை நம் ஊருக்குப் புதிதல்ல. இடி கேட்டதும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள், பிளக்கையே பிடுங்குங்கள். மின்னல் நம் வீட்டில் விழ வேண்டியதில்லை. தூரத்தில் விழுந்தாலும் கம்பி வழியாக வோல்டேஜ் பாய்ந்து வரும். மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பேட்டரியில் இரண்டு மணி நேரம் ஓடினால் மழை விடும்வரை பிள்ளை படிக்கலாம். நல்ல பேட்டரி வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேட்டரி இன்னும் எவ்ளோ நல்லா இருக்குன்னு நாமளே பாக்க முடியுமா?

முடியும், ஐந்து நிமிட வேலை. விண்டோஸ் தேடும் இடத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்தால் கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாயும் கோடு போட்டு, 'பேட்டரி', 'ரிப்போர்ட்' இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக அடித்து என்டரைத் தட்டுங்கள். அறிக்கை எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்று அதுவே காட்டும். ஆங்கில எழுத்துக் கூட்டல் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையை உட்கார வையுங்கள்.

அறிக்கையில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும். 'டிசைன் கெபாசிட்டி' தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பேட்டரி தாங்கியது. 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' இன்று தாங்குவது. முதலாவது 42,000, இரண்டாவது 29,400 என்று இருந்தால் 70 சதவீதம் மிச்சம். 'சைக்கிள் கவுண்ட்' எத்தனை சுற்று முடிந்தது என்று சொல்லும். சில மாடல்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், பயப்பட வேண்டாம். சாதாரண லேப்டாப் பேட்டரிகள் 300-இலிருந்து 500 சுற்றில் 80 சதவீதத்துக்கு இறங்கும். ஆப்பிளின் இப்போதைய மெக்புக்குகளுக்கு 1,000 சுற்று என்பது கணக்கு.

எனது கணக்குப்படி, 60 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் பேட்டரிக்காகக் காசு செலவழிக்க வேண்டாம். 60-க்குக் கீழே வந்து, வேலைக்கும் இடைஞ்சலாக இருந்தால் மாற்றலாம். வீட்டில் சார்ஜரோடுதான் எப்போதும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் 40 வரைகூடத் தள்ளலாம்.

காலிபிரேட் பண்ண பொறவு ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி இன்னும் கொறஞ்சி போச்சி! நீங்க சொன்னதச் செஞ்சித்தான் கெட்டுச்சா?

இப்படிக் கேட்டுக் கோபமாக வந்தவர்கள் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நடந்தது இதுதான்: கிராணி இத்தனை நாளும் 100 மூட்டை இருப்பதாக எழுதிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தபோது 80 இருந்தது. மூட்டை முன்பே குறைந்துவிட்டது, நேற்றுத்தான் நமக்குத் தெரிந்தது. ஒரு காலிபிரேஷனில் தேய்வது ஒரே ஒரு சுற்று. அதனால் 20 சதவீதம் இறங்காது.

சிலருக்கு எதிர்மாறாக எண் ஏறவும் செய்யும். அதுவும் பேட்டரி குணமானதாக அர்த்தமில்லை, கணக்குக் குறைவாக எழுதப்பட்டிருந்தது.

35 சதவீதம் இருக்கும்போதே டப்புனு அணைஞ்சிருது அண்ணே. என்ன பண்ணலாம்?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கணக்குப் பிசகியிருக்கலாம். அதற்கு மேலே சொன்னபடி ஒரு முறை காலிபிரேட் செய்து பாருங்கள். பிறகு 35-இல் அணைவது நின்றால் வேலை முடிந்தது.

நிற்கவில்லை என்றால் செல் ஒன்று தளர்ந்துவிட்டது. லேப்டாப் பேட்டரிக்குள் இரண்டு, மூன்று அல்லது நான்கு செல் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும், 7.4, 11.1, 14.8 வோல்ட் என்று பேட்டரி மேல் எழுதியிருப்பது அதைத்தான் காட்டுகிறது. மூன்று பேர் தூக்கும் சுமையில் ஒருவருக்குக் கை தளர்ந்தால் மற்ற இருவரும் இறக்கி வைக்கத்தான் வேண்டும். அதுபோல ஒரு வரிசை கீழ் எல்லையைத் தொட்டதும் பாதுகாப்பு மின்சுற்று மொத்தத்தையும் நிறுத்திவிடும், மற்ற செல்களில் மின்சாரம் மிச்சமிருந்தாலும். இதற்கு மாற்றுவதுதான் வழி. அந்த ஒரு செல்லை மட்டும் மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புதுச் செல்லும் பழைய செல்லும் ஒரே வேகத்தில் ஏறி இறங்காது.

டச்பேட் மேல தூக்கிட்டு வருது, மூடி சரியா மூட மாட்டுது. அழுத்தி மூடலாமா?

அழுத்தாதீர்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி, வெள்ளிக் காகிதம் போன்ற உறையை ஊதிவிட்டிருக்கிறது. சூட்டிலும் முழுச் சார்ஜிலும் நெடுநாள் இருந்த பேட்டரிகள் இப்படி ஆகும். லேப்டாப்பை அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், மறுபடி போடாதீர்கள். உப்பிய பேட்டரிக்குக் காலிபிரேஷன் ஒருக்காலும் செய்யக்கூடாது.

ஒரு முறை ஓர் அம்மா, மூடி மூடவில்லை என்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். பிள்ளை அந்த லேப்டாப்பில் ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்ததாம். திறந்து பார்த்தபோது என் கை நடுங்கியது. ஊசி போட்டுக் காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதை அவர் செய்யாமல் விட்டது நல்ல காலம். உறை கிழிந்து உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கும்.

அப்படிப்பட்ட லேப்டாப்பைத் துணி, மெத்தை, காகிதம் இல்லாத இடத்தில், சிமெண்டுத் தரையில் வையுங்கள். வெயில் படக்கூடாது. அன்றோ மறுநாளோ கழற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். புகையோ இனிப்பான ரசாயன வாடையோ வந்தால் கிட்டே போகாமல் எல்லாரும் வெளியே வந்து 999-ஐ அழையுங்கள்.

ஆன்லைன்ல அறுபது வெள்ளிக்கி (ரிங்கிட்) பேட்டரி கெடைக்கிதே, அது போதாதா? நீங்க அதிகமா சொல்றீங்க.

விலை குறைந்ததெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பழைய பேட்டரியைக் கழற்றி அதன் மேல் இருக்கும் பகுதி எண்ணை எழுத்துப் பிசகாமல் ஒப்பிடுங்கள். வோல்டேஜ் ஒத்திருக்க வேண்டும், 10.8, 11.1 இரண்டும் ஒரே வகைதான், ஆனால் 11.1-க்குப் பதில் 14.8 போடக்கூடாது. மூன்றாவது, கொள்ளளவு நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த மூன்றாவதில்தான் பலர் விழுகிறார்கள். ஆறு செல் உள்ள பழைய வகைப் பேட்டரியில் 18650 எனப்படும், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள செல்கள் இரண்டிரண்டாக மூன்று வரிசையில் இருக்கும். சாதாரணமாக அந்தப் பேட்டரி 4,400 மில்லி ஆம்பியர் மணி. அதே அளவுப் பேட்டரிக்கு 7,800 என்று விளம்பரம் போட்டால், அது இரண்டு செல் சேர்ந்த ஒரு வரிசையின் அளவு என்பதால் ஒரு செல்லுக்கு 3,900 வர வேண்டும். நல்ல நிறுவனங்களின் 18650 செல்லே 3,500 அளவில்தான் நிற்கிறது. அறுபது வெள்ளிக்கு அதைவிட அதிகம் யார் கொடுப்பார்கள்? அது பொய் எண். மில்லி ஆம்பியர் மணியை வோல்டேஜால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் மணி வரும் (4,400 பெருக்கல் 11.1 என்றால் 49 அளவு), இரண்டு பேட்டரிகளை ஒப்பிட இதுதான் சரியான அளவு. புதிதாகப் போட்டதும் ஒரு முறை காலிபிரேட் செய்யுங்கள், மேலே உள்ள முறையில் அறிக்கையும் எடுத்துப் பாருங்கள்.

அங்கிள், என் ஃப்ரெண்டோட ஃபோன் சார்ஜர்ல லேப்டாப் சார்ஜ் போடலாமா?

யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால் போடலாம், கெடுதல் இல்லை. இரண்டும் பேசிக்கொண்டு ஒத்த வோல்டேஜை எடுத்துக்கொள்ளும். ஆனால் 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 20 வாட் ஃபோன் சார்ஜர் போட்டால் ஏறவே ஏறாது, அல்லது நீ வேலை செய்யும்போது பேட்டரியும் சேர்ந்து இறங்கும். உருண்டை முனை உள்ள பழைய சார்ஜர் என்றால் வோல்டேஜ் அதேதானா என்று பார்க்காமல் குத்தாதே.

மவன் சிங்கப்பூருக்கு வேலைக்கிப் போயிட்டான். லேப்டாப் ஆறு மாசம் சும்மா கெடக்கும். எப்படி வெக்கிறது?

50 சதவீதம் அளவுக்குச் சார்ஜ் வைத்து, முழுக்க அணைத்து, வீட்டிலேயே குளுமையான இடத்தில் வையுங்கள். கூரையடிப் பரண் வேண்டாம், சூடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து 50-க்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். காலியாக வைத்துவிட்டால் சும்மா இருந்தபடியே இன்னும் இறங்கி, ஒரு செல் இரண்டரை வோல்ட்டுக்கும் கீழே போகும். பிறகு சார்ஜர் போட்டாலும் பாதுகாப்பு மின்சுற்று ஏற்ற விடாது. அப்படிச் செத்த பேட்டரியைக் கட்டாயப்படுத்தி எழுப்பச் சொல்லிக் கேட்பார்கள். நான் செய்வதில்லை, அது பாதுகாப்பில்லை.

திருச்சிக்குப் போறோம். ஸ்பேர் பேட்டரிய பெட்டில போட்டு அனுப்பலாமா?

கூடாது. தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட் மணி வரை பிரச்சினையில்லை. 100-க்கும் 160-க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். முன்பு பார்த்த பெருக்கல் கணக்கு இங்கே உதவும். முனைகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். உப்பிய பேட்டரியை விமானத்தில் கொண்டுபோகவே கூடாது.

80-ல நிறுத்துற செட்டிங் போட்டா சிப்பு கணக்கு தப்பிப் போவும், 100 வரைக்கும் போனாதான் கணக்கு சரியாவும்னு சொல்றீங்க. ரெண்டும் எப்படி ஒத்துப் போவும்?

நுணுக்கமான கேள்வி, கேட்டவர் இடைநிலைப்பள்ளி மாணவி. அவள் சொல்வது சரி. 80-இலேயே நிற்கும் பேட்டரி நிறைந்த எல்லையைத் தொடுவதே இல்லை; சார்ஜரிலேயே இருந்தால் கீழ் எல்லையையும் தொடாது. சில மாதங்களில் கணக்குப் பிசகும்.

பிசகட்டும். கணக்குப் பிசகினால் ஒரு நாள் வேலையில் சரியாகிவிடும், பேட்டரி தேய்ந்தால் திரும்பாது. ஆகவே 80-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அல்லது பயணத்துக்கோ தேர்வுக்கோ பேட்டரியை நம்பிப் போக வேண்டிய வாரத்தில், அதை அணைத்து ஒரு காலிபிரேஷன் செய்து, மறுபடி 80-க்கு வைத்துவிடுங்கள்.

பேட்டரி முழுசா போச்சி, புதுசு வாங்க இப்ப வசதியில்ல. கழட்டிட்டு நேரா கரண்ட்ல ஓட்டலாமா?

பல பழைய லேப்டாப்புகள் அப்படி ஓடும். உள்ளேயே பொருத்திய பேட்டரி என்றால் நீங்களே கழற்றாமல் கடையில் கொடுத்துக் கழற்றுங்கள். சில மாடல்கள் பேட்டரி இல்லையென்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஒன்றிரண்டு எழும்பவே எழும்பாது. கரண்ட் ஒரு நொடி துடித்தாலும் எழுதியது போய்விடும், அதனால் அடிக்கடி சேமிக்கச் சொல்லுங்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று சொன்னேன். இதில் அப்படிச் செய்தால் லேப்டாப்பே அணைந்துவிடும், ஆகவே வானம் கறுத்ததுமே முறையாக அணைத்துவிட்டுப் பிடுங்குங்கள்.

கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குப்பை லோரியின் அழுத்தத்தில் தீப்பிடிக்கும். முனையில் டேப் ஒட்டி, மின்னியல் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அந்த இடம் தூரம் என்றால் என் கடைக்குக் கொண்டுவாருங்கள். மணல் போட்ட ஒரு தகர டின் வைத்திருக்கிறேன், சேர்ந்ததும் நானே ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.